இல்லாத நாட்டுக்கு ஒரு தேர்தல்: கொக்குவிலில் இருந்து வாக்குக் கேட்ட ஐந்து கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாக்குக் கேட்டது பிரதேச சபைக்கு அல்ல. நேஷன்ஸ்டேட்ஸ் என்ற ஒன்லைன் விளையாட்டில் நான் இருக்கும் பிராந்தியத்தின் (பல நாடுகள் கூடியிருக்கும் வட்டாரம்) தலைமைப் பதவிக்கு. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தவே இரண்டு நாள் எடுத்தது. "உதுக்குச் சம்பளம் இல்லையோ?" என்றார். இல்லை. "அப்ப ஏன் மூண்டு பேர் போட்டி போடுகினம்?" அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மக்ஸ் பரி என்ற அவுஸ்திரேலிய எழுத்தாளர் 2002 நவம்பரில், தன் நாவலுக்கு ஒரு விளம்பரமாகத் தொடங்கி வைத்த விளையாட்டு இது. காசு இல்லை. நீங்கள் ஒரு நாட்டை உருவாக்கலாம். ஒவ்வொரு நாளும் சில பிரச்சினைகள் உங்கள் மேசைக்கு வரும், கொடுத்திருக்கும் தீர்வுகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். குடியியல் உரிமை, பொருளாதாரம், அரசியல் சுதந்திரம் ஆகிய மூன்றும் ஏறி இறங்குவதைப் பொறுத்து உங்கள் நாடு 27 வகைகளில் ஒன்றுக்குள் விழும். என் நாட்டின் பெயர் பனங்கூடல். நாணயம் பனாட்டு. தேசிய விலங்கு ஆடு. விளையாட்டு இந்தப் பெயர்களை எடுத்துத் தன் செய்திகளுக்குள் செருகிவிடும் என்பதால், "பாதுகாப்பு அமைச்சர் பல கோடி பனாட்டு கேட்கிறார்" என்ற மாதிரி வரி வரும். இரண்டு வருடமாக இதற்காகவே விளையாடினேன் என்றுகூடச் சொல்லலாம்.

நாடுகள் விரும்பினால் உலக அவையில் சேரலாம். ஆரம்பத்தில் அதன் பெயர் ஐக்கிய நாடுகள் என்றே இருந்தது. 2008இல் உண்மையான ஐ.நா. தன் பெயரைப் பாவிக்க வேண்டாம் என்று கடிதம் அனுப்ப, பெயரை மாற்றினார்கள். ஐ.நா. ஒரு கடிதம் எழுதி அது உடனே பலன் தந்தது என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நடந்தது உண்மை.

ஒரு ஆள் எத்தனை நாடும் வைத்திருக்கலாம், ஆனால் அவையில் ஒன்றைத்தான் சேர்க்கலாம். அவையில் உள்ள நாடுகள், தங்கள் பிராந்தியத்தில் உள்ள மற்ற அவை நாடுகளுக்கு எண்டோர்ஸ்மென்ட் கொடுக்கலாம். ஒப்புதல் என்று எழுதுகிறேன். அந்த நாட்டின் பக்கத்துக்குப் போய் ஒரு பொத்தானை அமத்த வேண்டும், அவ்வளவுதான். யாருக்கு அதிக ஒப்புதலோ அவர் பிராந்தியத்தின் பிரதிநிதி. உலக அவை வாக்கெடுப்பில், தன் ஒரு வாக்கோடு அவர் வாங்கிய ஒப்புதல்கள் அத்தனையும் சேரும். 60 ஒப்புதல் இருந்தால் 61 வாக்கு. எங்கள் பிராந்தியத்தை நிறுவியவர் எப்போதோ விளையாட்டை விட்டுப் போய்விட்டார், ஆகவே சாவிக்கொத்து பிரதிநிதியிடம்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விளையாட்டுக்குத் தேர்தல் என்றால் என்னவென்று தெரியாது, அது ஒப்புதலை மட்டும்தான் எண்ணும். தேர்தல் என்பது எங்கள் ஆட்களே எழுதி வைத்திருக்கும் யாப்பில் இருப்பது. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று எனக்கு நாலாவது கிழமைதான் விளங்கியது.

முதல் கிழமை

பிராந்தியத்தில் 180 சொச்சம் நாடுகள், அவற்றில் 74 அவையில். வாக்குப் போடலாம் என்பது அந்த 74 பேருக்குத்தான். போட்டியில் மூன்று பேர்: இருக்கும் பிரதிநிதியின் உதவியாளர், விளையாட்டுக்குள் நடக்கும் கார்ட் வியாபாரத்தில் (நாடுகளின் பெயரில் வரும் அட்டைகளைச் சேர்த்து வாங்கி விற்பது) ஊறிப்போன ஒருவர், அப்புறம் நான்.

நான் 14 அம்சத் திட்டம் ஒன்று எழுதினேன். மூன்று இரவு. நல்ல ஆங்கிலம், நல்ல தலைப்புகள், புதியவர்களுக்கு வழிகாட்டி, வெளியுறவுக் கொள்கை, எல்லாம். போட்டு இரண்டு நாளில் வந்த ஒரே எதிர்வினை, எட்டாம் அம்சத்தில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது என்பது.

சரி, தந்தி அனுப்புவோம் என்று இறங்கினேன். விளையாட்டில் கடிதத்துக்குப் பெயர் தந்தி. எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்ப, அதிகாரம் தரப்பட்ட அலுவலராக இருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. ஆகவே ஒன்றை எழுதி, பிரதி எடுத்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். இருபத்தோராவது ஆளுக்கு, இருபதாவது ஆளின் பெயரோடு போய்விட்டது. "உங்கள் நாட்டின் வளர்ச்சியை நீண்ட நாளாகக் கவனித்து வருகிறேன்" என்று வேறு அதில் எழுதியிருந்தேன். பதில் ஒற்றை வரியில் வந்தது: நன்றி, ஆனால் அது நான் இல்லை.

மாமா

மாமா முருங்கைக்காய் கொண்டு வந்த அன்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் எங்கள் சனசமூக நிலையத்தில் பதினொரு வருடம் செயலாளராக இருந்தவர். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

"பிள்ளை, உந்த 74 பேரிலை எத்தினை பேர் உயிரோடை இருக்கினம்?"

"எல்லாரும் இருக்கினம் மாமா."

"இடாப்பிலை இருக்கினம். எங்கடை நிலையத்து இடாப்பிலையும்தான் முந்நூறு பேர். பொதுக்கூட்டத்துக்கு இருவத்தைஞ்சு பேர் வந்தால் பெரிய விஷயம். முன்மொழிய ஒராள், வழிமொழிய ஒராள். அந்த ரெண்டு பேருக்கும் நீ முதலே போய்ச் சொல்லியிருக்கவேணும்."

நான் கடிதக் கதையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "கலியாணத்துக்குச் சொல்லுற மாதிரித்தான். வீட்டை போய் இருந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சுச் சொன்னால் வருவினம். கார்டைத் தபாலிலை போட்டிட்டு வரேல்லை எண்டு கோவிக்கேலாது."

எங்கள் குடும்பத்தில் இந்தக் காரணத்துக்காகவே பெரியம்மா வீட்டோடு ஆறு வருடம் கதையாமல் இருந்திருக்கிறோம், அதனால் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

இரண்டாவது, மூன்றாவது கிழமைகள்

ஒரு கொப்பி எடுத்தேன். ஒவ்வொரு நாட்டின் பக்கத்திலும் அந்த ஆள் கடைசியாக எப்போது வந்தார் என்று இருக்கும். 28 நாள் வராவிட்டால் நாடே அழிந்துவிடும். விடுமுறை என்று போட்டு வைத்தால் 60 நாள் தாங்கும். பலர் நாட்டைச் சாகவிடாமல் வைத்திருப்பதற்காக மட்டும் மூன்று கிழமைக்கு ஒருக்கால் எட்டிப் பார்க்கிறவர்கள். கடைசிப் பத்து நாளுக்குள் வந்தவர்களை எண்ணினேன்: 52.

அந்த 52 பேருக்கும் தனித்தனியே எழுதினேன். ஒரு இரவுக்கு ஐந்து பேருக்கு மேல் இல்லை. முதலில் அவர்களுடைய நாட்டை வாசிப்பேன், அப்புறம் அதில் உண்மையாகவே எனக்கு விளங்காத ஒன்றைக் கேட்பேன். ஒருவர் வருமான வரியை 100 சதவீதத்துக்குக் கிட்டக் கொண்டுபோயிருந்தார். எப்படி மக்கள் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. வாக்கைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை, கடைசி வரியில் அவராகவே கேட்டார்: "நீங்கள்தானே போட்டியிடுகிறவர்?"

நேரமும் எனக்குச் சாதகமாக இருந்தது. இங்கே இரவு 9:30 என்றால், கோடைகாலத்தில் நியூயோர்க்கில் நடுப்பகல், லண்டனில் பின்னேரம். நான் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து எழுதும் நேரத்தில் அவர்களில் பாதிப் பேர் விழித்திருந்தார்கள்.

இன்னொரு விஷயத்தை நான் இங்கிருந்து கொண்டுபோனேன். எங்கள் யாப்பில் வாக்கு 1, 2, 3 என்று விருப்பு வரிசையில் போட வேண்டும். இலங்கை ஜனாதிபதித் தேர்தலும் அப்படித்தான். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்குப் போன வாக்குகளில் உள்ள அடுத்த விருப்பை எண்ணுவார்கள். 2024 செப்டம்பர் 21இல் நடந்த தேர்தலில்தான் முதல் தடவையாக அப்படி எண்ண வேண்டி வந்தது. அன்றைக்கு வீட்டில் ரீவிக்கு முன்னால் இருந்து, இரண்டாவது விருப்பு என்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை என்று பார்த்தவள் நான். ஆகவே கார்ட்காரருடைய ஆட்களிடம் போய் முதல் வாக்கைக் கேட்கவே இல்லை. "உங்கள் 1 அவருக்கு என்று தெரியும். 2ஐ எனக்குத் தாருங்கள்" என்றேன். அதற்குக் கைமாறாக, கார்ட்கள் எப்படி விழுகின்றன, ஏன் சிலது விலை போகிறது என்று அவர்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டேன். பாதிதான் விளங்கியது. மாதத்துக்கு ஒரு கார்ட் போட்டி வைப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன், அது விளங்கிய பாதியில் இருந்து வந்தது.

14 அம்சம் என்னவானது என்று கேட்பீர்கள். மூன்றாகக் குறைத்துவிட்டேன். மற்ற பதினொன்றையும் ஒருவரும் தேடவில்லை.

எண்ணிக்கை

41 பேர் வாக்களித்தார்கள். முதல் எண்ணிக்கையில் உதவியாளருக்கு 17, எனக்கு 15, கார்ட்காரருக்கு 9. அவர் விலக, அந்த 9இல் 6 எனக்கு வந்தது, 2 உதவியாளருக்கு, ஒருவர் இரண்டாவது விருப்பே போடவில்லை. 21க்கு 19. மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அப்ப ஏகமனதாய் இல்லை" என்றார், கொஞ்சம் குறைபட்ட குரலில்.

நாலாவது கிழமை: வென்றவள் ஆளவில்லை

இங்கேதான் கதை. வென்று அடுத்த நாள் காலை நிலைமை இப்படி: பழைய பிரதிநிதிக்கு 58 ஒப்புதல், எனக்கு 33. விளையாட்டைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை.

பழையவர் நல்ல மனுஷன். எல்லோரும் தன்னிடம் இருந்து எடுத்துப் புதியவருக்குக் கொடுங்கள் என்று எழுதினார். ஆனால் ஒரு பொத்தானை அமத்துவதற்காக யாரும் வீட்டை விட்டு வருவதில்லை. நான் மற்ற 73 பக்கங்களுக்கும் போய் ஒவ்வொருவருக்கும் ஒப்புதல் கொடுத்தேன். கொடுத்தால் திருப்பிக் கொடுப்பார்கள் என்பது அங்கே ஒரு பழக்கம், கலியாண வீட்டு மொய் மாதிரி. மூன்று நாளில் 33 என்பது 38 ஆனது. பிறகு 41. பிறகு அப்படியே நின்றது.

அப்போதுதான் பட்டியலில் எனக்கு மேலே, இரண்டாவது இடத்தில் இருந்த மூன்றாம் ஆளைக் கவனித்தேன். யாரோடும் ஒரு சொல் கதைக்காத ஒரு நாடு, 43 ஒப்புதலோடு. மாதக்கணக்காக எல்லோருக்கும் பொத்தான் அமத்தித் திருப்பி வாங்கியிருக்கிறது. சாதுவான ஆளாக இருக்கலாம். ரெய்டர் கூட்டத்தின் ஆளாகவும் இருக்கலாம். நிறுவனர் இல்லாத பிராந்தியங்களைப் பிடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் கூட்டங்கள் அங்கே உண்டு, அவர்களைத் தடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் கூட்டங்களும் உண்டு. பழையவரின் ஒப்புதல் இறங்கி, என்னுடையது ஏறாமல் நின்றால், கதிரை நடுவில் இருக்கும் மூன்றாமவருக்குப் போகும். அதனால் "அவரிடம் இருந்து எடுங்கள்" என்ற வேண்டுகோளை நிறுத்தச் சொல்லிப் பழையவருக்கு அவசரமாக எழுதினேன். முதலில் நான் ஏற வேண்டும், பிறகுதான் அவர் இறங்கலாம்.

கொப்பியைத் திரும்ப எடுத்தேன். வாக்களித்தும் ஒப்புதல் தராதவர்கள் 12 பேர். தெரிவு செய்தால் போதும், மிச்சம் தானாக நடக்கும் என்று அவர்களில் பலர் நினைத்திருந்தார்கள். நானும்தான் அப்படி நினைத்தேன், ஆகவே கோபிக்க முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் எங்கே போய் எதை அமத்த வேண்டும் என்று எழுதினேன். வரிக்காரர் மூன்று பேரை இழுத்து வந்தார். ஒன்பது நாளில் 47.

பழையவர் உலக அவையை விட்டு விலகுவது என்று முடிவானது. விலகினால் அவருக்கு இருக்கும் ஒப்புதல் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். ஆனால் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்ததும் போகும், எனக்குக் கொடுத்த ஒன்றும் சேர்த்து. 46. மூன்றாமவருக்கும் அவர் கொடுத்திருந்தார், ஆகவே அங்கே 42. நாலு வித்தியாசம். கடைசி நேரத்தில் அவை நாடுகள் நாலைந்து வந்து குதித்து அந்த ஆளுக்கு ஒப்புதல் போட்டால் முடிந்தது.

பதவி மாறுவது உடனே நடக்காது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் விளையாட்டு எல்லாவற்றையும் புதுப்பிக்கும், அப்போதுதான் மாறும். நியூயோர்க் நேரம் நள்ளிரவும் நடுப்பகலும். பழையவர் கனடாவில் இருக்கிறார், படுக்கப் போகுமுன் விலகிவிட்டுப் போகிறேன் என்றார். அதாவது இங்கே காலை 9:30.

நான் திருநெல்வேலியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். 9:20க்குச் சீமெந்து லொறி வந்தது. 9:30க்கு நான் வெயிலில் நின்று பை எண்ணிக்கொண்டு இருந்தேன். இருநூறு பை. நூற்று முப்பதில் கவனம் சிதறி, சாரதியின் கணக்கையே எழுதிக்கொண்டேன் (பிறகு உள்ளே அடுக்கியபோது ஒன்று குறைந்தது, அது வேறு கதை). 10:40க்குத்தான் போனைப் பார்க்க முடிந்தது. டேற்றா சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் திறந்தபோது பிரதிநிதி என்ற இடத்தில் பனங்கூடல் என்று இருந்தது, பக்கத்தில் கொடியில் என் ஆடு.

ஐந்தாவது கிழமை, இப்போதைக்கு

52 ஒப்புதல். பழையவர் அவையில் திரும்பச் சேர்ந்து எனக்கு முதல் ஆளாகத் தந்தார். மூன்றாமவருக்குத் தந்தி அனுப்பி, வணக்கம் சொல்லி, உங்கள் தேசிய விலங்கு ஏன் நுளம்பு என்று கேட்டேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது: தங்கள் ஊரில் நுளம்பு அதிகமாம். அவ்வளவுதான். இப்போது அவரைக் குடிவரவு வேலைக்குக் கேட்டிருக்கிறேன், எல்லோருடைய பக்கத்துக்கும் போய்வந்த ஆள் என்பதால்.

கார்ட் போட்டி அடுத்த சனிக்கிழமை. விதிகளை இன்னும் எழுதவில்லை. பெயர் மாறிக் கடிதம் வாங்கியவர் மட்டும் இன்னும் ஒப்புதல் தரவில்லை. நேற்று இரவு அவருக்குத் திரும்பவும் எழுதினேன், அனுப்ப முதல் பெயரை மூன்று தரம் பார்த்தேன்.