கடைசிக் குழாய் வரை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அடங்கிய குடியிருப்புகள் 79 ஆயிரத்துக்கும் மேல். ஊராட்சி வேலையின் பாதிச் சிரமம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் ஊராட்சி செயலராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கோப்பில் பார்த்தால் ஒரே ஊராட்சி, ஒரே முத்திரை. நேரில் போனால் தாய் கிராமம் ஒன்று, காலனி ஒன்று, ஏரிக்கரையை ஒட்டி ஒரு குடியிருப்பு, அதற்கும் அப்பால் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே யாரோ ஒரு பெரியவரின் பெயரைத் தாங்கிய கொட்டாய்கள் நாலைந்து. என்றைக்கோ காட்டில் குடிசை போட்டுத் தங்கியவரின் பிள்ளைகளும் பேரன்களும் பெருகி இன்று முப்பது வீடுகளாக இருப்பார்கள். வீட்டு வரி கட்டுகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் எல்லாம் தாய் கிராமத்தில். ஒரு ரசீது வேண்டும் என்றாலும் அவர்கள்தான் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும்.

ஊராட்சி ஒழுங்காக நடக்கிறதா என்று யாராவது என்னைக் கேட்டால், அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்க்காதீர்கள், கடைசிக் கொட்டாயில் குழாயைத் திறந்து பாருங்கள் என்பேன்.

எங்கள் டேங்க் ஆபரேட்டர் காலை ஐந்தரைக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுவார். வால்வு குழியின் சிமெண்ட் மூடியைப் புரட்டியதும் உள்ளே கை வைக்க மாட்டார். தேள் இருக்கிறதா என்று ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் நீளக் கம்பிச் சாவியை இறக்குவார். எத்தனை சுற்றுத் திருகினால் எந்தத் தெருவுக்கு எவ்வளவு வேகம் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். எந்த வரைபடத்திலும் அது கிடையாது. அவர் காய்ச்சலில் படுத்தால் மூன்று குடியிருப்புகள் தவித்துப்போகும். மாதத்தில் 5, 20 தேதிகளில் தொட்டி கழுவ வேண்டும், ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும், த்ரீ ஃபேஸ் கரண்ட் நடுராத்திரி வந்தாலும் எழுந்துபோய் மோட்டார் போட வேண்டும். அவருக்குக் கிடைக்கும் சம்பளத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

அவர் எவ்வளவு திருகினாலும் தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் பாய்ந்து கொட்டும். மேட்டில் இருக்கும் கொட்டாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் குழாயில் காற்றுதான் வரும். இது போதாதென்று குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறவர்கள் வேறு. ஒரு வீட்டில் மோட்டார் ஓடினால் அந்த லைனில் அப்புறம் இருக்கும் அத்தனை வீடும் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். மோட்டாரைப் பறிமுதல் செய்யப் போனால் அது ஊரில் செல்வாக்கு உள்ளவர் வீடாக இருக்கும். ஒரே நேரத்தில் நாலு பேரிடமிருந்து போன் வரும். பறிமுதல் செய்துவிட்டுத்தான் வருவோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்குத் தனித் தெம்பு வேண்டியிருந்தது.

எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் வெறும் குடம் நிறையும் விஷயம் அல்ல. போர் என்று நாங்கள் சொல்லும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லி கிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய ஊர்கள் இங்கே எத்தனையோ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். வயதானவர்களுக்கு முட்டி மடங்காது. காய்ச்சிக் குடித்தாலும் ஃபுளோரைடு போகாது என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறோம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தபோது இங்கே இருந்த சந்தோஷம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அந்தக் காவிரித் தண்ணீரும் எங்கள் தரைமட்டத் தொட்டிக்கு வந்து சேர்வதோடு சரி. அங்கிருந்து மேலே ஏற்றிப் பங்கிடுவது ஊராட்சியின் பாடு. வரத்து குறைகிற நாட்களில் கொட்டாய்க்காரர்களுக்குப் பழைய போர்தான் கதி. அவர்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தாலே யாருக்குக் கடைசியாகத் தண்ணீர் போகிறது என்று தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு வழி சொன்னவர் வார்டு உறுப்பினர் ஒருவர். கடைசிக் கொட்டாயைச் சேர்ந்த பெண், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2019 டிசம்பர் தேர்தலில் வந்தார். முதல் சில கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு நாள், தண்ணீர் விவகாரம் பேசிக்கொண்டிருந்தபோது, "ஏன் சார், எங்க வால்வ மொதல்ல தொறந்து, தாய் கிராமத்துக்குக் கடைசியில விட்டா என்ன கெட்டுப்போயிடும்?" என்று கேட்டார். வாய்க்கால் பாசனத்தில் கடைமடைக்கு முதலில் விடுவது போல. பெரிய சத்தம் எழுந்தது. "மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டாமா, பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டாமா" என்றார்கள். அந்தம்மா விடவில்லை. எங்கள் பிள்ளைகளும் ஸ்கூலுக்குத்தான் போகிறார்கள் என்றார். வாரத்தில் மூன்று நாள் அப்படி விடுவது என்று தீர்மானம் ஆனது. எந்த நாளில் எந்தக் குடியிருப்புக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று தொட்டியின் தூணிலேயே பெயிண்டில் எழுதி வைத்தோம். ஆபரேட்டரோடு சண்டை பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் இனி அது அவர் முடிவு இல்லை.

கிராம சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்தது, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு. மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்தால் போதும். அந்த நூறு பேரும் தாய் கிராமத்தின் மரத்தடியிலிருந்தே கிடைத்துவிடுவார்கள். கையெழுத்துக் கணக்கு சரியாக இருக்கும், கொட்டாய்களிலிருந்து ஒரு ஆளும் இருக்க மாட்டார். அதனால் கூட்டத்தைக் குடியிருப்பு மாற்றி மாற்றி நடத்தினோம். காலனியில் வைத்த கூட்டத்தில்தான் மயானத்துக்குப் பாதை இல்லை, மழைக்காலத்தில் பிணத்தை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப் போகிறோம் என்பதே பேச்சுக்கு வந்தது. அதே குறையைத் தாய் கிராமத்தில், அத்தனை பேர் முன்னால் எழுந்து சொல்ல அவர்களுக்கு மனசு வந்ததில்லை. ஏன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

2006-ல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று ஒதுக்கினார்கள். நல்ல திட்டம்தான், எங்களுக்கு நூலகம் கிடைத்தது அதில்தான். ஆனால் நாலு குடியிருப்பு உள்ள ஊராட்சிக்கும் நாற்பது உள்ளதற்கும் ஒரே தொகை என்றால் கொட்டாய்க்கு என்ன போய்ச் சேரும்? அடுத்து வந்த 'தாய்' திட்டம் (தமிழ்நாடு கிராமக் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம், THAI) குடியிருப்பை அலகாக எடுத்துக்கொண்டது. அப்போதுதான் சில கொட்டாய்களுக்கு முதல் தெருவிளக்கு வந்தது. என் பணிக்காலத்தில் வந்த திட்டங்களில் அந்தக் கணக்கு முறையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கும் மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட யாரும் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி ஓடியது. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் அதே நிலை. தனி அலுவலர் என்பவர் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தில் உள்ள எல்லா ஊராட்சிகளுக்கும் அவர் ஒருவரே. உழைக்கக்கூடியவராக இருந்தாலும், மேட்டுக் கொட்டாயின் வால்வு எத்தனை சுற்று என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் வார்டு உறுப்பினரம்மாவுக்கு இருந்தது ஒரு ஓட்டும் ஒரு நாற்காலியும்தான், சம்பளம் என்று எதுவும் கிடையாது. பதவி போன சில மாதங்களில், வாரத்தில் மூன்று நாள் என்றிருந்தது ஒரு நாளாகக் குறைந்தது. யாரும் உத்தரவு போட்டு மாற்றவில்லை, கேட்பதற்கு ஆள் இல்லாததால் மாறியது. அவர் எனக்குப் போன் செய்து, மனு எழுதினால் யாருக்கு எழுதணும் சார் என்று கேட்டார். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதச் சொல்லி, தீர்மான எண்ணையும் தேதியையும் எடுத்துக் கொடுத்தேன்.