ஐஸ்லாந்து நாட்குறிப்பு: மீனும் பங்கும்

ஜூன் 2, 2024, ஞாயிறு. ரெய்க்யவிக்

இன்று கடலோடிகள் தினம். 1938 முதல் கொண்டாடுகிறார்கள். மீன்பிடிக் கப்பல்கள் இன்று கரையில்தான் நிற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. துறைமுகத்தில் ஐஸ் மேல் மீன்களைப் பரப்பி வைத்திருக்க, பிள்ளைகள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிறார்கள்.

ஓதின் என்ற பழைய கடற்காவல் கப்பல் இப்போது அருங்காட்சியகம். அதில்தான் கூட்டம் அதிகம். ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 1958-இல் 12 கடல் மைலாகவும், 1972-இல் 50 ஆகவும், 1975-இல் 200 ஆகவும் தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் பிரிட்டன் ஏற்க மறுத்து, தன் இழுவைக் கப்பல்களுக்குத் துணையாகப் போர்க்கப்பல்களை அனுப்பியது. ராணுவமே இல்லாத நாட்டிடம் இருந்தது சில காவல் கப்பல்களும் ஒரு வெட்டுக்கருவியும். நங்கூரம் மாதிரிக் கொக்கிகள் உள்ள அந்தக் கருவியைப் பின்னால் இழுத்தபடி இழுவைக் கப்பலுக்குக் குறுக்கே ஓடினால், வலையை இழுக்கும் கம்பி வடம் அறுந்து, வலை மீனோடு கடலடிக்குப் போய்விடும். 1976 பிப்ரவரியில் பிரிட்டனோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டார்கள். அமெரிக்கப் படைத்தளம் இருந்த நாடு நேட்டோவை விட்டு விலகுவேன் என்றதும் மற்றவர்களுக்கு வியர்த்தது. ஜூனில் பிரிட்டன் இறங்கி வந்தது.

காபிக்குக் கொடுத்த சில்லறையைக் கவனித்தேன். ஒரு குரோனாவில் காட் மீன், ஐந்தில் டால்பின், ஐம்பதில் நண்டு. 1903 வரை நாட்டுச் சின்னத்திலேயே கிரீடம் வைத்த காட் கருவாடு இருந்ததாம்.

ஜூன் 4, செவ்வாய். ஸ்டொக்ஸெய்ரி

தெற்குக் கரையில் கல்லும் புல்மண்ணும் அடுக்கிக் கட்டிய ஒரு குடில். 1949-இல் திரும்பக் கட்டியது. தூரிதுர் எய்னார்ஸ்டோட்டிர் (1777–1863) என்ற பெண்ணின் நினைவாக வைத்திருக்கிறார்கள். பதினோரு வயதில் அப்பாவோடு துடுப்புப் போடப் போனவர், பின்னால் ஆண்களை ஏற்றிக்கொண்டு படகுத் தலைவராகப் பல பருவங்கள் கடலுக்குப் போனார். கால்சட்டை அணிய அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்ததாம்.

அன்றைக்கு மீன்பிடி என்பது தனித் தொழில் இல்லை. பிப்ரவரித் தொடக்கம் முதல் மே 11 வரை குளிர்காலப் பருவம். பண்ணைக்காரர் தன் வேலையாட்களைக் கரைக்கு அனுப்புவார். திறந்த படகு, எண்ணெய் தடவிய தோலுடை, கைத்தூண்டில். பிடித்ததைப் படகுக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பங்கு வைப்பார்கள். ஆளின் பங்கு ஆளுக்குப் போகாது, பண்ணைக்காரருக்குப் போகும். நிலமில்லாதவர் ஏதாவது ஒரு பண்ணையில் ஆளாக இருந்தே தீரவேண்டும் என்று 1490-லேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கட்டு தளர்ந்தது 1894-இல். நாணயத்தில் மீனைப் போட்டுப் பெருமைப்படும் நாடு, நாலு நூற்றாண்டு மீனவர் என்ற தனி வர்க்கமே உருவாகாமல் பார்த்துக்கொண்டது.

ஜூன் 8, சனி. சிக்லுஃப்யோர்துர்

வட கோடி. மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். 1903-இல் நார்வேக்காரர்கள் ஹெர்ரிங் பிடிக்க வந்து இறங்கினார்கள். நம் மத்தியின் சாதிதான், ஆனால் பெரியது. அரை நூற்றாண்டில் மூவாயிரம் பேர் வாழும் ஊரானது. கோடையில் அதற்கு மேலும் கூட்டம். சில ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் கால்பங்குக்கு மேல் இந்த ஒரு மீன்.

1907-இல் கட்டிய, மீனுக்கு உப்பிடும் கூடம் ஒன்றை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மாடியில் பெண்கள் தங்கிய அறைகள், நெருக்கமான கட்டில்கள், சுவரில் மாட்டிய உடைகள். படகு வந்தால் எந்த நேரமானாலும் எழுப்புவார்கள். தலையையும் குடலையும் ஒரே வெட்டில் எடுத்து, பீப்பாயில் அடுக்கடுக்காக உப்போடு வைக்க வேண்டும். பீப்பாய் நிறைந்ததும் பூட்ஸுக்குள் ஒரு வில்லை விழும். கடைசியில் வில்லையை எண்ணிக் கூலி. பீப்பாய்க் கணக்குதான், நாள் கணக்கு இல்லை. மீன் வராத நாளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கையில் வந்த காசு அவளுடையது. ஸ்டொக்ஸெய்ரி குடிலைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

உப்புக்கு ஆகாத மீன் ஆலைக்குப் போய் எண்ணெயும் தூளுமாகும். ஊரே நாறும். அதைப் பண வாசனை என்பார்களாம்.

அறுபதுகளில் சுருக்குமடி வலையை இயந்திரத்தால் தூக்கும் வசதி வந்தது. மீன் கூட்டத்தை ஒலியால் கண்டுபிடிக்கும் கருவியும் பரவியது. கடலும் குளிர்ந்தது. மீன் கிழக்கே நகர, படகுகள் அங்கே போய் வாரின. 1968-இல் ஏறக்குறைய எல்லாம் முடிந்தது. குரோனாவின் மதிப்பை 67-இலும் 68-இலும் குறைத்தார்கள். வேலை தேடி ஆஸ்திரேலியா வரை போனார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பார்கள். நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு. அதே ஊர்

மழை. காய்ந்த மீனில் வெண்ணெய் தடவித் தின்றுகொண்டு ஜன்னலோரம் இருந்தேன். கருவாட்டுக்கு வெண்ணெய்! குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 12, புதன். போலுங்கார்விக்

சிறு படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒவ்வொன்றிலும் நாலு தூண்டில் இயந்திரம், ஒரே ஆள். கரைக்கு வந்ததும் துறைமுகத் தராசில் நிறுத்தே ஆக வேண்டும்.

ஹெர்ரிங் கற்றுக்கொடுத்த பயத்தில்தான் 1984-இல் காட் மீனுக்கு, யார் எவ்வளவு பிடிக்கலாம் என்ற ஒதுக்கீடு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. முந்தைய மூன்று ஆண்டு பிடிப்பைப் பார்த்துப் படகுகளுக்குப் பிரித்தார்கள். படகு வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. அதில் வேலை செய்தவருக்கும் கரையில் மீன் வெட்டியவருக்கும் கிடைக்கவில்லை. 1990 சட்டத்துக்குப் பின் அதைத் தாராளமாக விற்கலாம், வாங்கலாம் என்றாகிவிட்டது. மீன்வளம் தேசத்தின் பொதுச் சொத்து என்கிற முதல் பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. படகுக்காரர் ஒதுக்கீட்டை விற்றுவிட்டுப் போனால் கிராமத்துக்கு மிஞ்சுவது காலி ஆலை. ஒதுக்கீட்டால் மீன் பிழைத்தது, தொழிலில் லாபமும் வந்தது, அதை மறுக்கவில்லை. சும்மா கொடுத்ததை விற்க விட்டதுதான் உறுத்துகிறது. 2007-இல் இரண்டு மீனவர்களின் புகாரில் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் இது நியாயமில்லை என்றது.

அப்புறம் 2009-இல், ஒதுக்கீடு இல்லாதவரும் பிடிக்கலாம் என்று இந்தச் சிறுபடகுத் திட்டம் வந்தது. மே முதல் ஆகஸ்ட் வரை, வாரத்தில் திங்கள் முதல் வியாழன், ஒரு நடைக்கு 14 மணி நேரம். ஆனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பொது அளவு. போன ஆண்டு ஜூலை பாதியிலேயே தீர்ந்துவிட்டது. வடகிழக்கில் பெரிய மீன் வருவதே தாமதமாகத்தான். அங்கே வரும்போது மேற்குக்காரர்கள் அளவை முடித்திருப்பார்கள். அந்தப் பொது அளவை மாவட்டவாரியாகப் பிரியுங்கள் என்று கிழக்கே கேட்கிறார்கள். போலுங்கார்விக்கில் அந்தப் பேச்சை எடுத்தால் உடனே வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.