ஒன்றுவிட்ட பாடகன்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கச் செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். நழுவிக்கொண்டே வந்தேன். எங்கள் கணக்கு வாத்தியார், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் கணக்குச் சேர், போய்விட்டார் என்ற செய்திக்குப் பிறகு நழுவ முடியவில்லை.

அந்தப் பரிசளிப்பு விழாவை எங்கள் வகுப்பில் எவனும் மறந்திருக்க மாட்டான். கிட்டாரில் ஜி, சி, டி, இ மைனர் என்று நான்கு கோர்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள், எனக்குத் தெரியும். பாட்டும் மனப்பாடம். தனியாக வாசிப்பேன், தனியாகப் பாடுவேன், சேர்த்தால் தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் மேடையேறினேன். முதல் வரி போயிற்று. இரண்டாம் வரியில், சி-க்கு மாறுகிற இடத்தில், வாய் பாடிக்கொண்டிருக்கக் கை நின்றுவிட்டது. கையைக் கவனித்தேன், வாய் நின்றது. இப்படியே மாறி மாறி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஒண்டை முடிச்சிட்டு மற்றதைச் செய்யடா!" அந்தக் குரலுக்குரியவர்தான் இன்றைய செயலாளர்.

மறுநாள் காலை அணிவகுப்புக்கு முன்பே பட்டம் தயாராகிவிட்டது: ஒன்றுவிட்ட பாடகன்.

இனிக் கிட்டாரைத் தொடுவதில்லை என்றிருந்த என்னைச் சேர்தான் கடைசி மணிக்குப் பிறகு மேல்மாடிப் படிக்கட்டுக்கு வரச் சொன்னார். (அந்தப் படிக்கட்டில் வேறு என்னென்ன நடந்தது என்பதை மலரில் எழுத முடியாது.) "கையை மேய்க்க நீ நிக்கிற வரைக்கும் பாட ஆளில்லை, தம்பி," என்றார்.

இரண்டு வாரம் பாட்டே கிடையாது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரே கோர்டில், தட்டுக்கு ஒன்றாகக் கீழ்நோக்கி மட்டும் மீட்ட வேண்டும். மீட்டிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியார் அல்லவா, விடுவாரா? ஏழாறு வரும்போது யோசிப்பேன், கை நிற்கும். "முதலிலையிருந்து." வாய்ப்பாடு பழகியதும் கேள்விகள்: ஏன் பிந்தி வந்தாய், வீட்டுக்கணக்கு எங்கே. கை நிற்காமல் பொய் சொல்ல முடிந்த அன்றுதான் அடுத்த கட்டத்துக்கு விட்டார்.

அப்புறம் கை ஊஞ்சல் போலக் கீழும் மேலும் போய்வர வேண்டும். கம்பியைத் தொடாத வேளையிலும் போய்வர வேண்டும். தேவையில்லாத தட்டில் கையை நிறுத்தி வைத்தால் திரும்பத் தொடங்கும்போது தாளம் தப்பும். அதற்குப் பிறகுதான் பாட்டு. அதுவும் முதலில் வெறும் பேச்சாக, பிறகு முனகலாக, கடைசியில் குரலாக. வரிகளை எழுதி, தட்டு விழும் எழுத்துக்களின் கீழ் கோடு போடச் சொன்னார். அங்கேதான் மேடையில் நான் விழுந்த குழி தெரிந்தது. இரண்டாம் வரி தட்டு விழுந்து அரைத்தட்டு கழித்தே தொடங்குகிறது. நம் சங்கீதக்காரர் அனாகத எடுப்பு என்பார்களே, அது. நானோ சொல்லுக்காகக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். தாளம் போட்டுப் பாடப் பழகும் சின்னப்பிள்ளைகள் முதல் நாளிலேயே செய்வதை நான் மீசை முளைத்த பிறகு படித்தேன். குரலுக்குச் சுருதி தாழ்வாக இருந்ததைக்கூட அவர்தான் கண்டுபிடித்தார். கம்பிகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை உயர்த்தும் கேப்போ என்ற கவ்வியைக் கிட்டார்க் கழுத்தின் இரண்டாம் கட்டையில் போட, அதே ஜி பிடியில் ஏ ஒலித்தது, தொண்டையும் திறந்தது.

அடுத்த பரிசளிப்புக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார். அதற்கு முன் நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டேன். ஏன் என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சேரிடம் சொல்லிவிட்டு வரவுமில்லை.

இங்கே எத்தனையோ பிறந்தநாள்களில் இரண்டையும் சேர்த்துச் செய்து கைதட்டு வாங்கியாகிவிட்டது. ஒன்றைப் பதிவு செய்து அவருக்கு அனுப்ப நினைத்தேன். அடுத்த மாதம் இன்னும் நன்றாக வரும் என்று தள்ளிப்போட்டேன். இப்படி எத்தனை அடுத்த மாதம் என்று கணக்குப் பார்க்க மனமில்லை.

செய்தி வந்த ஞாயிறு மாலை கிட்டாரோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வைத்திருந்த தொலைபேசியில் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழு. உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன்: பெயர், வயது, கிரியை நடக்கும் நேரம், எல்லாம். அவர் வாசலில் வந்து நின்று, "முதல்ல அதை நிப்பாட்டுங்கோவன்," என்றார்.

குனிந்து பார்த்தேன். கை போய்வந்துகொண்டிருந்தது.