தங்கமே உரைகல்

நாங்கள் அளக்கும் படிகம் அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரியது. கறுப்பாக, தட்டையாக இருக்கும். பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், கால்சியம், செம்பு, ஆக்ஸிஜன் சேர்ந்த மீகடத்தி. ஏறத்தாழ 90 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்தால் மின்தடை அடியோடு போய்விடும்.

அதன்மேல் புற ஊதா ஒளி பட்டதும் எலக்ட்ரான் தெறித்து வரும். எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று அளந்தால், உள்ளே அது எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் அப்படி வருவதெல்லாம் மேலே உள்ள ஒரு நானோமீட்டர் அளவிலிருந்துதான். அதனால் படிகத்தின்மேல் குட்டிப் பீங்கான் கம்பியை ஒட்டி, வெற்றிடத்துக்குள் வைத்துத் தட்டிவிடுவோம். மேலடுக்கு பெயர்ந்து, அடியில் கண்ணாடி மாதிரி புது முகம் தெரியும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் கோடி கோடியில் ஒரு பங்குதான். அப்படியும் அந்த முகம் சில மணி நேரத்தில் மங்க ஆரம்பிக்கும்.

ஹீலியம் விளக்கின் ஒளித்துகள் ஒவ்வொன்றின் ஆற்றலும் 21.2 எலக்ட்ரான்வோல்ட். நாங்கள் தேடும் ஆற்றல் இடைவெளியோ, அதாவது மீகடத்தியில் எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் பகுதியோ, 40 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்குப் பக்கத்தில். ஐந்நூறில் ஒரு பங்கு. எனவே அதே செம்புத் தாங்கியில் ஒரு தங்கத் துண்டும் இருக்கும். தங்கத்தில் இடைவெளி கிடையாது, அதன் விளிம்புதான், அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பி முடிகிற ஆற்றல்தான், எங்கள் பூஜ்ஜியம். ஊரில் தங்கத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார்கள். எங்களுக்குத் தங்கமே உரைகல்.

சேர்ந்த இரண்டாம் வருடம், ஒருநாள் இரவு 2 மணிக்கு எனக்கு 50 வந்தது. பெரிய இடைவெளி! சீனியரை எழுப்பியே விட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "மூலைவிட்டத் திசையில் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தப் பொருளில் இடைவெளி எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. செம்பு–ஆக்ஸிஜன் பிணைப்பின் திசையில் அதிகம், மூலைவிட்டத்தில் பூஜ்ஜியம். 1993-இல் ஸ்டான்ஃபோர்டு குழு இதே முறையில்தான் அந்த வேறுபாட்டைக் காட்டியது. எடுத்துப் பார்த்தேன். பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் 12.

விளக்கின் ஒளியைக் குறைத்தோம், 12 சுருங்கியது. சரி, புரிந்துவிட்டது. போன எலக்ட்ரானுக்குப் பதில் கீழேயிருந்து வேறொன்று வரவில்லை. படிகத்தில் நேர்மின்னூட்டம் தேங்கி, வெளியேறுகிறவற்றைப் பின்னால் இழுக்கிறது. படிகத்தைத் தாங்கியில் ஒட்டிய வெள்ளிப் பசை வழியாகத்தான் அது வர வேண்டும், அந்தப் பசை காயும் முன்பே சூளையிலிருந்து அவசரப்பட்டு எடுத்தது நான்தான். அன்று எனக்கு அழுகையே வந்தது, அந்தப் படிகத்தை வளர்க்க நண்பர் எத்தனை வாரம் காத்திருந்தார் என்று தெரியும்.

அடுத்த படிகத்துக்குப் பசை முழு நேரமும் காய்ந்தது. தட்டியதும் முதலில் மூலைவிட்டத்தைத்தான் எடுத்தேன். தங்கத்தின் விளிம்பும் படிகத்தின் விளிம்பும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அப்புறம்தான் தாங்கியைத் திருப்பினேன். 38.