137 வாக்கு

2021 சட்டமன்றத் தேர்தல் என்றாலே எல்லோரும் "சென்னையில் 16க்கு 16 திமுக கூட்டணி" என்பதைத்தான் சொல்வார்கள். 2011இல் இதே சென்னையில் திமுகவுக்குக் கிடைத்தது கொளத்தூரும் சேப்பாக்கமும் மட்டும். கொளத்தூரில் ஸ்டாலினே 2,734 வாக்கில்தான் தப்பினார். பத்து வருஷம் கழித்து அதே தொகுதியில் வித்தியாசம் 70,384! சென்னை திமுக கோட்டை என்று அடித்துச் சொல்கிறவர்கள் 2011ஐ வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது தி.நகர் முடிவுதான். திமுகவின் ஜெ. கருணாநிதி 56,035, அதிமுகவின் சத்யா 55,898. வித்தியாசம் 137. சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷனில் ஒரு லோக்கல் ட்ரெயின் நின்றால் ரங்கநாதன் தெரு பக்கம் இறங்குகிற கூட்டமே இதைவிட அதிகம். அன்றைக்கு "நான் ஒருத்தன் போடாட்டி என்ன" என்று வீட்டில் படுத்திருந்த மாம்பலத்துக்காரர்கள் எத்தனை பேரோ! (எங்கள் சித்தப்பாவும் அதில் உண்டு. பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்.)

மாநிலக் கணக்கும் இதே கூத்துதான். வாக்கில் திமுக சுமார் 37.7 சதவீதம், அதிமுக 33.3. இடங்களோ 133, 66. நான்கு சொச்சம் சதவீதம் கூட, இடம் இரண்டு மடங்கு. கூட்டணி பலமும், ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் முழுத் தொகுதியும் அவருக்கே என்கிற முறையும் சேர்ந்து செய்கிற வேலை இது.

137 எல்லாம் ஒன்றுமில்லை. 2016இல் ராதாபுரத்தில் திமுகவின் அப்பாவு தோற்றது 49 வாக்கில். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021இல் அதே தொகுதியில் ஜெயித்து நேராக சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தார் மனுஷன்.