அத்தையின் வீடு அத்தை பெயருக்கே வந்தது

பிள்ளையை நம்பி வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் பின்கட்டில் ஒதுங்கிக் கிடக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான், இனி என்ன செய்வது என்றே பலரும் இருந்துவிடுகிறார்கள். செய்ய முடியும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த பத்திரத்தை, பராமரிக்காதபோது செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் 23ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. என் அத்தைக்காக அந்த வழியில் போய் வந்தேன்.

இந்த மனுக்களை விசாரிக்க இச்சட்டத்தின்கீழ் ஒரு தீர்ப்பாயம் உண்டு. ஆர்டிஓ என்று நாம் சொல்லும் வருவாய்க் கோட்டாட்சியர்தான் அதன் தலைவர். வக்கீல் வைத்து வாதாட 17ஆம் பிரிவு இடம் தரவில்லை. அத்தை சொல்லச் சொல்ல, வெள்ளைத்தாளில் தமிழிலேயே மனு எழுதினேன். ஆதார், தான செட்டில்மென்ட் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்தோம். மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். அதன் உச்சவரம்பு 10,000 ரூபாய்.

பத்திரத்தை வரி விடாமல் படியுங்கள். அத்தையின் பத்திரத்தில் மூன்றாம் பக்கத்தில், 'எனது ஆயுள்காலம் வரை உணவு, உடை, வைத்தியம் குறைவின்றி என்னைப் பராமரித்து வர வேண்டியது' என்று ஒரு வரி இருந்தது. எங்களுக்குப் பிடிமானம் அதுதான். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் சொத்து கைமாறியது என்று காட்ட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இந்தச் சட்டத்துக்குப் பெரியவர்களின் நலன் கருதித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அப்படி ஒரு வரி இல்லாத பத்திரம் என்றாலும் உடனே மனம் தளர வேண்டாம்.

காகித வேலையைவிட எனக்கு ஆத்திரம் மூட்டியது வேறு. அலுவலகத்தில் எல்லாக் கேள்விகளும் என்னை நோக்கியே வந்தன. "அம்மாவுக்கு ஞாபகமெல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று அத்தையை எதிரில் வைத்துக்கொண்டே கேட்டார் ஓர் ஊழியர். அத்தை பத்திர எண்ணையும் பதிவான தேதியையும் தடங்கலின்றிச் சொன்னார். "இந்த வயதில் எதற்கு வழக்கு? பையனோடு ஒத்துப்போங்கள்" என்று அடுத்த அறிவுரை வந்தது. நாற்பது வயதுக்காரர் தன் சொத்தைக் கேட்டு வந்தால் இப்படிச் சொல்வார்களா? வயது கூடினால் உரிமை குறைந்துவிடுமா? அதன் பிறகு, "அவர்களிடமே கேளுங்கள்" என்பதைத் தவிர நான் எதுவும் பேசவில்லை.

விசாரணை நாளில் கோட்டாட்சியர் அத்தையை முன்னால் உட்காரவைத்துப் பேசினார். நன்றாகக் கவனித்துக்கொள்வதாக மகன் சொன்னதும், அத்தை சுருக்குப்பையிலிருந்து சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதியாகக் கத்தரித்து வாங்கிய அட்டை. "எதிர்வீட்டுக்குப் பூக்கட்டிக் கொடுத்த காசில் வாங்கியது ஐயா. முழு அட்டைக்குக் காசு போதவில்லை" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஒருகாலத்தில் அவனுக்காக அத்தை பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பத்திரம் செல்லாது என்று உத்தரவு வந்தது. பாதகமாக வந்திருந்தால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்திருப்போம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தையும் அணுகலாம்.

உத்தரவோடு வேலை முடிந்துவிடாது. அதன் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளரிடம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வில்லங்கச் சான்று போட்டு, ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டாவில் பெயர் மாறியிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மனு கொடுக்க வேண்டும். அத்தையின் பட்டா மனு இப்போது அங்கேதான் இருக்கிறது. நிலவரம் கேட்க அவரே போய் வருகிறார்.