ஆக்டேவியாவா, ஆல்டிஸா: ஏழு ஞாயிறு அலைந்த கதை

பெங்களூரில் எனக்கு வேலை ஒயிட்ஃபீல்டில், வீடு அல்சூரில். தினமும் மெட்ரோவில்தான் போய் வருகிறேன். கார் எடுப்பது மாதம் இரண்டு முறை சேலத்துக்கு, அப்பா அம்மாவைப் பார்க்க. ஒரு பக்கம் 200 கிலோமீட்டர். இன்ஜின் நன்றாகச் சூடாகி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் இந்த மாதிரி உபயோகத்துக்கு டீசல் பொருந்தும். தினம் எட்டு கிலோமீட்டர் டிராஃபிக்கில் நின்று நின்று ஓட்டுபவராக இருந்தால் டீசலைத் தேடியே போயிருக்க மாட்டேன். புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி அடைவதே அப்படி ஓட்டுவதால்தான்.

பழைய டீசல் கார் ஒன்று வாங்க பட்ஜெட் 8 லட்சம். அதில் ஒரு லட்சத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்தேன். எந்தப் பழைய டீசலை வாங்கினாலும் முதல் மூன்று மாதத்தில் அது கேட்கும் பணம் அது. ஆக, வண்டிக்கு 7 லட்சம்.

மனதில் இருந்தவை இரண்டு. ஸ்கோடா ஆக்டேவியா 2.0 டிடிஐ ஆட்டோமேட்டிக், டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் 1.4 டீசல். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு இரண்டின் டீசலும் நின்றுபோனது. அதனால் இந்த விலையில் கிடைப்பதெல்லாம் எட்டு, பத்து வயது வண்டிதான். எழுத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆக்டேவியா 1968 சிசி, 143 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். ஆல்டிஸ் 1364 சிசி, 88 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர். ஆக்டேவியா டிக்கி 590 லிட்டர், பின் கண்ணாடியோடு சேர்ந்து மொத்தமாக மேலே திறக்கும். அதைத் திறந்து பார்த்த நாளிலிருந்தே எனக்கு அது ஓர் ஆசை.

முதல் ஞாயிறு. டெல்லி வண்டி விளம்பரம் ஒன்று. 2015 ஆக்டேவியா, 4.75 லட்சம். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை என்ற பயத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி இங்கே பதிவை மாற்றினால் கர்நாடகாவின் ஆயுள் வரி கட்ட வேண்டும். புது வண்டி விலை 10 லட்சம் தாண்டினால் 17 சதவீதம், 20 லட்சம் தாண்டினால் 18. வயதுக்கு ஏற்பக் குறைப்பார்கள், ஆனாலும் கணக்குப் போட்டதில் மிச்சம் என்று பெரிதாக எதுவும் நிற்கவில்லை. கர்நாடகப் பதிவான கேஏ நம்பர் வண்டி மட்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாம் ஞாயிறு. ஓசூர் ரோடு பக்கம் ஒரு யார்டில் வெள்ளை ஆக்டேவியா. மீட்டர் 78,000. பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார்கள். பொனட்டில் கை வைத்தால் சூடு. நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீசலின் உண்மை தெரிவது காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான். சூடாகிவிட்டால் தேய்ந்த இன்ஜெக்டர்கூட நல்ல பிள்ளையாக இருக்கும்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றை நண்பனிடம் வாங்கி வந்திருந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் செருகி ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டாகத் திறந்து பார்த்தேன். பெரிதாக எதுவும் இல்லை. ஒன்றில் மட்டும் பழைய ஃபால்ட் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. இந்த வண்டிகளில் ஃபால்ட் பதிவாகும்போது அந்த நேரத்தின் கிலோமீட்டரையும் சேர்த்து எழுதி வைக்கும். அங்கே இருந்த எண் 1,21,340. மீட்டரைப் பார்த்தேன், 78,112. திரும்பவும் ஸ்கேனரைப் பார்த்தேன். புரோக்கரிடம் காட்டியதும், "சார், அது ஸ்கேனர் தப்பு" என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை, ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. 43,000 கிலோமீட்டரை மறைத்தால் டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும் என்று வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? அந்த பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். ஏமாற்றுவது பணத்தில் மட்டும் இல்லை.

மூன்றாவது வாரம் மழை, எதுவும் பார்க்கவில்லை.

நான்காம் ஞாயிறு. மல்லேஸ்வரத்தில் ஓனரே விற்கும் ஆக்டேவியா. 2016, 94,000 கிலோமீட்டர், முதல் ஓனர். பில்களை வருட வாரியாக ஃபைல் போட்டு வைத்திருந்தார். நான் முதலில் தேடியது கியர்பாக்ஸ் ஆயில் பில்லைத்தான். டிஎஸ்ஜி என்ற இந்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். 59,200-ல் மாற்றிய பில் இருந்தது. மனசு நிறைந்துவிட்டது.

ஹெப்பால் தாண்டி ஏர்போர்ட் ரோட்டில் ஓட்டினேன். 80-ல் போய்க்கொண்டிருக்கும்போது கால் லேசாக அழுத்தியதும் சத்தமே இல்லாமல் இரண்டு கியர் இறங்கி, சீட்டோடு முதுகை அமுக்கியது. இப்படி ஒரு இழுவையை நான் சொந்தமாக வைத்துக்கொண்டதே இல்லை. திரும்பி வரும்போது நான் எதுவும் பேசவில்லை, ஓனர் சிரித்தார்.

கேட்ட விலை 7.9 லட்சம், கடைசி விலை 7.6. டைமிங் பெல்ட் இன்னும் மாற்றவில்லை. பெல்ட், அதோடு வாட்டர் பம்ப், நான்கு டயர், இன்னும் 25,000 ஓடினால் மறுபடி கியர் ஆயில். ஸ்ரீராமபுரத்தில் என் பழைய காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். "நல்ல வண்டிதான், ஆனா ஒரு லட்சத்த கையில வச்சுக்கிட்டு இறங்குங்க" என்றார். 7.6-க்கு வாங்கினால் என் கையில் நிற்பது 40,000. வாங்கத்தான் காசு இருந்தது, வைத்துக்கொள்ள இல்லை.

ஐந்தாம் ஞாயிறு. ஃப்ரேசர் டவுனில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் ஆல்டிஸ். 2015, 82,000 கிலோமீட்டர், 6.5 லட்சம். கேட்டைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "காலையில இருந்து ஸ்டார்ட் பண்ணல தம்பி, நீங்களே வந்து பண்ணுங்க."

பொனட் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பி, குளோ பிளக் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்தேன். ஒரே சுற்றில் பிடித்தது. பின்னால் போய் நின்று பார்த்தேன். நீலப்புகை இல்லை, கரும்புகை லேசாக வந்து நின்றது. ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை அதன் மேல் பிடித்தேன். உள்ளிருந்து காற்று முட்டித் தள்ளவில்லை, இன்ஜின் தேயவில்லை என்று அர்த்தம். கதவு ரப்பரை இழுத்துவிட்டுப் பார்த்தால் ஸ்பாட் வெல்டுகள் கம்பெனியில் போட்டபடியே வரிசையாக இருந்தன, அடிபட்டு ஒட்டிய அடையாளம் இல்லை. டயரில் மட்டும் 1418 என்றிருந்தது, 2018-ன் 14-வது வாரம். டயரின் பட்டன் (மேல் வரி) தேயாமல் இருந்தாலும் ரப்பர் செத்துப்போயிருந்தது.

ஓட்டினால், உண்மையைச் சொல்கிறேன், முதலில் ஏமாற்றம். 1800 ஆர்பிஎம்முக்குக் கீழே இன்ஜின் தூங்குகிறது. ஹம்ப்ஸில் இரண்டாவது கியரில் ஏற்றினால் திணறுகிறது, முதல் கியர் போட்டே ஆக வேண்டும். ஆக்டேவியாவை ஓட்டிய கால் இது. ஆனால் 2000 தாண்டியதும் தெளிவாக இழுத்தது. டைமிங் செயின்தான், பெல்ட் செலவே இல்லை. வண்டி செய்ததும் இங்கேயே பிடதியில்.

ஆறாம் ஞாயிறு. அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். பெரியவரிடம் கேட்டு இன்னொரு முறை ஓட்ட எடுத்தேன். என் மனைவியும் மகளும் பின்னால் ஏற, நடுவில் அம்மா. வழக்கமாக நடுவில் உட்கார்ந்தால் அம்மா இரண்டு காலையும் ஒருபக்கமாக ஒடுக்கிக்கொள்வார், முழங்கால் வலி உள்ளவர். ஆல்டிஸில் பின் தரை கிட்டத்தட்ட சமதளம். காலை நேராக நீட்டி வைத்தார். கன்டோன்மென்ட் வரை போய் வந்தோம். "இதுல சேலம் வரைக்கும் வந்துருவேன்டா" என்றார். ஆக்டேவியாவின் பின் தரையில் நடுவே எழும்பி நிற்கும் அந்த மேடு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்தே பார்க்கவில்லை.

அன்று மாலையே 6.3-க்குப் பேசி முன்பணம் கொடுத்தேன். மல்லேஸ்வரத்துக்காரருக்கு போன் செய்து சொன்னபோது குரல் கொஞ்சம் கம்மியது. அந்த வண்டியைப் பேணத் தெரிந்த ஆளிடம் அது போகட்டும்.

ஏழாம் ஞாயிறு. 29, 30 படிவங்களில் கையெழுத்து, ஆர்சி மாற்றத்துக்குக் கொடுத்தாயிற்று. இன்சூரன்ஸ் பெயர் மாற்றமும். இன்ஜின் ஆயில், மூன்று ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், இஜிஆர் கிளீனிங், நான்கு புது டயர், எல்லாம் சேர்த்து 58,000. தனியாக எடுத்து வைத்த ஒரு லட்சத்தில் 42,000 அப்படியே இருக்கிறது.

முதல் சேலம் பயணமும் ஆயிற்று. தொப்பூர் கணவாயில் மூன்றாவது கியரில் இறங்கினேன், பிரேக்கில் கால் வைக்க அதிகம் தேவைப்படவில்லை. திரும்பி ஏறும்போது முன்னால் லாரி, நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் திணறல் இல்லை. இந்த வண்டிக்கு ஒரு கியர் முன்னதாக யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். டேங்க் நிரப்பி மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில், 90-ஐத் தாண்டாமல் ஓட்டி லிட்டருக்கு 19.4.

இடது முன்பக்கம் பள்ளத்தில் விழும்போது டக் டக் என்று ஒரு சத்தம். சஸ்பென்ஷனில் இருக்கும் லோயர் ஆர்ம் புஷ் என்ற ரப்பர் என்கிறார் மெக்கானிக் அண்ணன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டில் விலை விசாரித்துவிட்டு, வரும் சனிக்கிழமை மாற்றப் போகிறேன்.